விழுப்புண்ணும் வெள்ளைத்தாளும்

தமிழ்ச் சங்க மலர்களில் தமிழர் வீரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றேனும் இடம்பெறாத ஆண்டு அரிது. பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவு வந்து, அலுவலகக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் வாழும் நமக்குப் புறநானூற்றைக் கேட்குந்தோறும் நெஞ்சு நிமிர்கின்றது. மகனைப் போருக்கு அனுப்பிய தாயையும், மார்பிற் புண் ஏற்ற மறவனையும், மாண்டவனுக்கு நட்ட கல்லையும் நம் பேச்சாளர்கள் மேடைதோறும் போற்றுகின்றனர். நாமும் கைதட்டி வீடு திரும்புகின்றோம். அதில் பிழையில்லை. ஆயினும் பல ஆண்டுகளாக என் உள்ளத்தே ஒரு வினா இருந்து வருகின்றது. வென்றவனுக்கு வாகை சூட்டினர். வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்தனர். வெற்றிக்கும் துணைநின்று, சாவுக்கும் தப்பி, புண்ணோடு ஊர் திரும்பியவனுக்கு நம் இலக்கியம் என்ன வைத்திருக்கின்றது?

இவ்வினாவை எனக்குள் எழுப்பியது நூலறிவு அன்று. நான் பிறந்த ஊரும், அங்கே ஒரு தகரப் பெட்டியுமே ஆகும். ஆகவே ஊரிலிருந்தே தொடங்குகின்றேன்.

எல்லையூர்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகே, தமிழக எல்லையை ஒட்டிய சிற்றூர் என் பிறப்பிடம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று தொட்டுக் களியக்காவிளைச் சந்தைக்கு மீன் வாங்கப் போகும் எங்களூரார் ஒரு மாநிலம் கடந்து போய்த் திரும்புகின்றனர்.

வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம் என்று வளர்ந்த எங்கட்குப் 'பட்டாளம்' என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல். மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கமாகிய 'வீர மதராசி, அடி கொல்லு' என்பதும் அவ்வாறே; அதைத் தமிழென்பாரும் எங்களூரில் உண்டு, மலையாளமென்பாரும் உண்டு. சீருடை அணிந்த ஒருவரின் பழைய நிழற்படம் மாட்டிய ஓட்டு வீடுகள் எங்கள் பக்கத்தில் பல. எங்கள் குடும்பத்தில் அப்படம் என் பெரியப்பாவுடையது.

பெரியப்பா 1968-இல் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். 1971 போரில் மேற்கு முனையில் இருந்தார். பதினைந்து ஆண்டு முடித்து 1983-இல் ஊர் திரும்பியபோது இடக்காது முற்றிலும் கேளாது; வலக்காது பாதி கேட்கும். பணியிலிருந்து விடுவிக்கும்போது ஆய்ந்த மருத்துவக் குழு, செவிக்குறை இருபது விழுக்காடு என்று எழுதியது. அதற்கு அடுத்த வரியில், அக்குறை படைப்பணியால் விளைந்ததும் அன்று, படைப்பணியால் மிகுந்ததும் அன்று என்று எழுதியது. முதல் வரி அவருக்குக் குறை உண்டென்றது. இரண்டாம் வரி அதற்கு அரசு பொறுப்பில்லை என்றது. பணிக்கால ஓய்வூதியம் கிடைத்தது. இயலாமைக்கு உரிய கூறு மறுக்கப்பட்டது.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். அவருடைய மேல்முறையீட்டுக்கு வந்த மறுமொழியை ஆங்கிலத்திலிருந்து படித்துச் சொல்லும் பணி எனக்கு வாய்த்தது. அவர் அறிந்தவை பேச்சுத் தமிழ், எழுத்து மலையாளம், பாசறை இந்தி. கடிதமோ இம்மூன்றிலும் இல்லை. வலக்காதருகே வாயை வைத்து உரக்கச் சொன்னேன்: "பட்டாளத்தாலெ காது போகல்லண்ணு எழுதியிருக்கு, பெரியப்பா." அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் முற்றத்துப் பலாமரத்தைப் பார்த்திருந்தார். பிறகு கேட்டார்: "பின்ன எதுனால போச்சுண்ணு எழுதியிருக்கா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. அந்தக் கடிதத்தைக் குறித்து அதனினும் கூர்மையான ஒரு திறனாய்வை நான் இதுவரை கேட்டதில்லை. அந்த ஒரு வினாவைக் கையிற் கொண்டே இனிப் புறப்பாடல்களுக்குள் நுழைகின்றேன்.

மார்பும் முதுகும்

புண்ணை வகைப்படுத்தும் வழக்கம் அலுவலகங்கள் கண்டுபிடித்ததன்று. நம் முன்னோர் அதனை நன்கறிவர். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண்; முதுகிற் பட்டது புறப்புண். முன்னது புகழ், பின்னது பழி. திருவள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் காட்டும் வீரன், தன் கழிந்த நாட்களை எண்ணிப் பார்த்து, விழுப்புண் படாத நாட்களையெல்லாம் வீண் நாட்களின் கணக்கில் வைக்கின்றான். புண்ணே அங்குச் சான்றிதழ்.

ஆனால் சான்றிதழ் என்று ஒன்று வந்துவிட்டால், அதனைத் தவறாகப் படிக்கும் இடரும் உடன் வருகின்றது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் கதை இதற்குச் சான்று. கழாஅத்தலையார் பாடிய 65-ஆம் புறப்பாட்டை உற்று நோக்குக. கரிகாலன் எறிந்த வேல் சேரனின் முன்புறத்தைக் குறித்தே எறியப்பட்டது. அது ஊடுருவிப் புறத்தேயும் புண் செய்தது என்பர். சேரன் ஓடியவன் அல்லன்; நேர் நின்றவன். ஆயினும் வடு முதுகில் நின்றது. புண் எவ்வாறு வந்தது என்பதை விட்டு, எங்கே இருக்கின்றது என்பதையே உலகம் பார்க்குமே என்று நாணி அவன் வாளோடு வடக்கிருந்தான். காரணத்தை நோக்காது இடத்தை மட்டும் நோக்கும் தீர்ப்பு ஒரு வேந்தனையே உயிர்விடச் செய்தது.

அடுத்த 66-ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். அவர் வென்ற கரிகாலனின் முன் நின்றே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் நின்னினும் நல்லன் அல்லனோ என்று வினவுகின்றார். அரசனின் முகத்துக்கெதிரே, தோற்றவனின் புண்ணை மறுமுறை படித்துக் காட்டும் அறிவு அது. மருத்துவக் குழுவின் தீர்ப்பை மேல்முறையீட்டில் மாற்றி எழுதிய முதற் புலவர் என்று இவரை நான் மதிக்கின்றேன்.

மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்படும் 278-ஆம் பாட்டையும் இக்கண்கொண்டு பார்க்கவேண்டும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகிட்டான் என்று பலரும் சொல்லக் கேட்ட முதியவள், அது மெய்யானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளேந்திக் களம் புகுகின்றாள். அவள் சினத்தையே நாம் பேசுகின்றோம். அவள் செய்த செயலைப் பேசுவதில்லை. ஊர் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தபடியே தீர்ப்பு எழுதவில்லை அவள். களத்துக்குத் தானே சென்று, கிடந்த பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்ட பின்னரே உண்மை தெரிந்தது. ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள். இப்பாட்டின் உயிர் அந்தப் புரட்டிப் பார்த்தலில் இருக்கின்றது என்பது என் துணிபு.

தொடாக் காஞ்சி

இவையெல்லாம் மாண்டவரையும் மாளத் துணிந்தவரையும் பற்றியவை. உயிரோடு கிடக்கும் புண்பட்டவனைப் பாடும் பாடல்கள் நம் புறத்திணையில் மிகச் சிலவே. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளை வகுக்கின்றது; புண்பட்டுக் கிடப்பவனுக்குக் காஞ்சித் திணையில் 'தொடாக் காஞ்சி' முதலாகச் சில துறைகளையே அமைக்கின்றது. பேய் அண்டாதவாறு மனைவி காவலிருந்து புண்ணுற்ற கணவனைப் பேணுதல் தொடாக் காஞ்சி. இலக்கணமே மாண்டவனிடம் கூடுதலாகச் சாய்ந்துள்ளது என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

ஆனால் அச்சிலவற்றுள் ஒன்று பலவற்றுக்கு ஈடாக நிற்கின்றது. அரிசில்கிழார் பாடிய 281-ஆம் பாட்டில் ஒரு பெண் தன் தோழியை அழைக்கின்றாள். இறைப்பில் வேம்பின் தழை செருகுகின்றனர். யாழ் ஒலிக்கின்றது. வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர், குழல் ஊதுகின்றனர், மணி அடிக்கின்றனர், காஞ்சிப் பண் பாடுகின்றனர், வீடெங்கும் நறும்புகை பரப்புகின்றனர். மருந்தை மெல்ல மெல்லக் கைபெயர்த்துத் தடவுகின்றனர். வீடு முழுவதும் ஒரு புண்ணைச் சுற்றி விழித்திருக்கின்றது.

பாட்டின் இறுதிப் பகுதியே என்னை நிறுத்தியது. யாருடைய புண்ணைக் காக்க அழைக்கின்றாள்? தன் கணவனுடையதை என்று அவள் சொல்லவில்லை. வேந்தனுக்கு வந்த துன்பத்தைத் தான் ஏற்றுத் தாங்கிய பெருந்தகையின் புண் என்கின்றாள். மருத்துவக் குழுவின் படிவத்தில் இரண்டாம் வரியாக நிற்கும் அந்தக் காரண வினாவுக்கு அப்பெண் விடை கூறிவிட்டாள். அவளுக்கு அது தனியே மெய்ப்பிக்கவேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை. அவனுக்கு அவள் தரும் பெயரிலேயே காரணம் அடங்கிவிட்டது. புண் அவன் உடம்பில் இருக்கின்றது. அதன் உரிமையும் கடனும் வேந்தனுடையவை.

நள்ளிரவில் ஒரு வேந்தன்

வேந்தன் அக்கடனை ஏற்றானா? பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை இதற்கு விடை தருகின்றது. 188 அடிகளுள் பெரும்பகுதி மழையும் வாடையும் அரண்மனையும் கணவனைப் பிரிந்து வாடும் அரசியுமாக நகர்கின்றது. இறுதியில் பாசறை வருகின்றது. வாடைக் காற்றில் விளக்குச் சுடர் ஒருபுறம் சாய்ந்து எரிகின்றது. நடுச் சாமம், வேந்தன் உறங்கவில்லை. வாளால் புண்பட்ட வீரரைக் காண வெளியே வருகின்றான். வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன் நடந்து, புண்பட்டோரை முறைமுறையாகக் காட்டிச் செல்கின்றான். சேறு நிறைந்த தெருவில் குதிரைகள் உடல் சிலிர்த்து மழைத்துளிகளை உதறுகின்றன. நழுவும் மேலாடையை ஒரு கை பற்றியிருக்க, மற்றொரு கை வாளேந்திய இளைஞன் ஒருவனின் தோள்மேல் இருக்கின்றது. முகத்தில் கனிவோடு, சிலரே உடன்வர, அவன் திரிகின்றான்.

வேப்பந்தழை பாண்டியனுக்கு உரியதாகையால் தலைவன் இன்னான் என்பது புலப்பட்டுவிடுகின்றது. ஆதலின் இப்பாட்டு அகமா புறமா என்று நச்சினார்க்கினியர் காலந்தொட்டு ஆய்வு நடக்கின்றது. அவ்வாய்வு சிறந்ததே. ஆயின் அந்த வேலோடு முன் செல்பவனின் தொழில் என்ன என்று வினவியவர் குறைவு. இவனுக்கு இன்ன களத்தில் இன்ன புண் பட்டது என்று அறிந்து வைத்திருந்து, அரசனுக்கு எடுத்துக் காட்டுவது அவன் தொழில். இக்காலச் சொல்லில் கூறினால் அவன் ஓர் எழுத்தன். என் தொழில் செய்தவன் சங்கப் பாட்டில் ஒருவன் இருக்கின்றான் என்று கண்ட நாளில் நான் மகிழ்ந்தேன், பிறகு நாணினேன்.

முல்லைப்பாட்டிலும் பாசறை வேந்தன் உறக்கமின்றிக் கிடக்கின்றான். புண்பட்ட யானைகளையும், அம்பு துளைத்த வலியால் புல் உண்ணாது செவி சாய்த்து நிற்கும் குதிரைகளையும், செஞ்சோற்றுக் கடன் தீர்த்து மாண்ட வீரரையும் எண்ணுகின்றான். அவன் எண்ணிக் கிடந்தான். நெடுநல்வாடை வேந்தனோ எழுந்து நடந்தான். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவே அறத்தின் தொலைவு.

இங்கே ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். புகழ்வது புலவர் கடன். ஆகவே இவ்வேந்தன் ஓரளவு இலட்சிய ஓவியமே. மேலும், இப்பாட்டில் புண்பட்டவர் பேசவில்லை. அவர்கட்குப் பெயர் இல்லை, குரல் இல்லை. வேந்தனின் கனிவை நாம் காண்கின்றோம். கிடந்தவன் என்ன நினைத்தான் என்பதைக் காணவில்லை. நம் புறப்பாட்டின் எல்லை அங்கே வந்து நின்றுவிடுகின்றது.

வெள்ளைத்தாளின் நடை

இனி நம் காலத்துப் பனுவலுக்கு வருவோம். அது செய்யுள் அன்று, கோப்பு. அதுவும் ஒரு மொழிநடையே ஆகையால் திறனாய்வுக்கு உரியதே.

1961-ஆம் ஆண்டின் இராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகள், இயலாமை ஓய்வூதியத்துக்கு இரண்டு நிபந்தனைகளைக் கூறின. குறை படைப்பணியால் விளைந்ததாகவோ மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். அளவு இருபது விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அரசுப் பணம் பொதுமக்கள் பணம். தகுதியற்ற கோரிக்கையைத் தடுக்க அளவுகோல் வேண்டும் என்பதை எழுத்தனாகிய நான் மறுக்கமாட்டேன்.

1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் அந்த அளவுகோலை எவ்வாறு பிடிக்கவேண்டும் என்று வகுத்தன. படையிற் சேரும்போது எழுதிவைக்கப்படாத நோய் அவனுக்கு அப்போது இல்லை என்றே கொள்க. பின்னர் உடல்நலக் கேட்டால் வெளியேற்றப்பட்டால் அக்கேடு பணியால் வந்தது என்றே கொள்க. மெய்ப்பிக்கும் சுமை கேட்பவன்மேல் இல்லை. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவனுக்கே. போர்முனையில் இருந்தவனுக்கு அதனை இன்னும் தாராளமாக வழங்குக. இவ்விதிகளைப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. அரிசில்கிழாரின் தலைவி சொன்னதைத்தானே இவை உரைநடையில் சொல்கின்றன! வேந்தனின் துன்பத்தைத் தாங்கியவன் என்பதே தொடக்கம். அல்லன் என்று சொல்பவரே காரணம் காட்டவேண்டும்.

ஆகவே குற்றம் விதியில் இருந்ததைவிட, அதனைப் படித்த முறையில் இருந்தது. விதி ஒரு பொருள் கூற, கோப்பு வேறொரு பொருள் கொண்டது. 'விளைந்ததும் அன்று, மிகுந்ததும் அன்று' என்ற தொடர், காரணம் கூறாத முத்திரையாகப் பழகிப்போயிற்று. அந்தத் தொடரின் இலக்கணத்தை நோக்குக. யார் ஆய்ந்தார், எதைக் கண்டார், எதனால் அன்று என்றார் என்பவற்றுள் ஒன்றும் இல்லை. எழுவாய் இல்லாத தீர்ப்பு அது.

தரம்வீர் சிங் வழக்கு இதற்கு நாடறிந்த சான்று. 1985-இல் சிக்னல் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். ஒன்பது ஆண்டுக்குச் சற்றே குறைவான பணிக்குப் பின், வலிப்பு நோயால் இருபது விழுக்காடு குறையோடு 1994-இல் வெளியேற்றப்பட்டார். சேரும்போது அந்நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. ஆயினும் இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் ஒருமுறை வென்று, மறுமுறை தோற்று, 2013 ஜூலை 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். சேர்ந்தபோது நலமாக இருந்தான் என்றே கொள்ளவேண்டும், மெய்ப்பிக்கும் சுமை வீரன்மேல் இல்லை, மறுப்பதாயின் மருத்துவக் குழு காரணம் எழுதவேண்டும் என்று நீதிமன்றம் உரைத்தது. விதியில் முன்னமே இருந்ததை மீட்டுரைக்கப் பத்தொன்பது ஆண்டு ஆயிற்று. காரணம் எழுதுக என்ற அச்சொல்லைச் செய்தித்தாளில் படித்தபோது, பலாமரத்தைப் பார்த்தபடி பெரியப்பா கேட்ட வினா என் காதில் மீண்டும் ஒலித்தது.

பின்னும் சில தீர்ப்புகள் வந்தன. 1996 முதல், ஐம்பதுக்குக் குறைந்த விழுக்காட்டை ஐம்பதாகவும், ஐம்பது முதல் எழுபத்தைந்து வரை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேற்பட்டதை நூறாகவும் கொள்ளும் சலுகை இருந்தது. நோயால் வெளியேற்றப்பட்டோர்க்கு மட்டுமன்றி, பணிக்காலம் முடித்துக் குறையோடு ஓய்வுபெற்றோர்க்கும் அது உரியது என்று 2014 டிசம்பர் 10-ஆம் நாள் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணி நீங்குவோர்க்குப் புதிய தகுதி விதிகள் வந்துள்ளன. ஆகவே ஒருவருக்கு எந்த விதி என்பதை அறிய, அவர் பணி நீங்கிய நாளை முதலில் பார்க்கவேண்டும்.

கோப்பைப் பழித்துவிட்டு நான் மட்டும் தூயவனாக நிற்றல் அறமாகாது. பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற ஒருவரின் மருத்துவச் செலவுக் கோரிக்கை என் மேசைக்கு வந்தது. சான்றிதழ் ஒன்று இணைக்கப்படவில்லை. திருப்பியனுப்பலாம் என்று குறிப்பு எழுதினேன். மேலதிகாரி ஒப்பமிட்டார். ஓராண்டு கழித்து அவர் மனைவி வந்தார், அவர் காலமாகியிருந்தார். அந்தச் சான்றிதழ் அதே கோப்பில், பதினைந்து தாள்களுக்கு முன்னே இருந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. நச்செள்ளையாரின் முதியவள் போர்க்களத்தில் செய்ததை, மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்த நான் செய்யவில்லை. அன்றிலிருந்து 278-ஆம் பாட்டை மேடையில் யாராவது முழங்கும்போது என்னால் கைதட்ட முடிவதில்லை.

பட்டாளக் கதை

நெடுநல்வாடையில் பேசாதிருந்த புண்பட்டவன் பின்னாளில் எங்கேனும் பேசினானா? எல்லையூரில் பிறந்ததால் இரு மொழியும் படிக்கும் பேறு எனக்கு உண்டு. மலையாளத்தில் அவன் பேசினான். கோவிலன் என்ற வி. வி. அய்யப்பன், பாறப்புறத்து என்ற கே. ஈ. மத்தாயி, நந்தனார் என்ற பி. சி. கோபாலன் ஆகியோர் தாமே படையில் பணிபுரிந்தவர்கள். அவர்கள் எழுதியவை 'பட்டாளக் கதை' என்று தனிவகையாகவே பெயர் பெற்றன. பாறப்புறத்தின் 'நிணமணிஞ்ஞ கால்பாடுகள்' 1963-இல் திரைப்படமாகவும் வந்தது. நந்தனாரின் 'ஆத்மாவின்றெ நோவுகள்' கேரள சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. இவர்கள் எழுத்தில் வீரன் சிலையாக நிற்பதில்லை. ஊருக்குக் காசு அனுப்புகின்றான், விடுமுறைக்கு ஏங்குகின்றான், அஞ்சுகின்றான், அவமானப்படுகின்றான், தன் கதையைத் தானே சொல்கின்றான்.

தமிழில் போரும் படையும் எழுதப்படாமல் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஒன்றே போதும் அதற்கு. எனினும் பட்டாளக் கதை என்ற வகைப்பெயர் தமிழில் நிலைபெறவில்லை. படைவீரனைப் பற்றி நாம் நிறையப் பேசினோம்; அவனைப் பேசவிட்டது குறைவு. புறநானூற்றுப் பெருமிதமே ஒருவேளை இதற்குக் காரணமாகலாம். மார்பிற் புண் ஏற்றவனைப் பாடப் பழகிய செவிக்கு, காது கேளாத ஒருவர் கடிதத்துக்குக் காத்திருப்பது காவியப் பொருளாகத் தோன்றவில்லை போலும்.

நாம் செய்யத்தக்கது

2019 பிப்ரவரி 25-ஆம் நாள் தலைநகரில் தேசியப் போர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அது நம் காலத்து நடுகல். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அப்பெயர்களைப் படிக்கச் செய்யுங்கள். ஆனால் நடுகல் நட்டதோடு கடன் தீர்ந்தது என்று எண்ணிவிடவேண்டா. தொடாக் காஞ்சி இன்னும் பாடப்படாமல் கிடக்கின்றது.

சங்கத்தின் உறுப்பினருள் என்னைப் போன்ற எழுத்தர்கள் பலர். கோப்பின் மொழி நமக்குத் தெரியும். ஊரில் நம் உறவினர் வீட்டுத் தகரப் பெட்டியில் என்ன தாள்கள் உள்ளன என்று அடுத்த விடுமுறையில் திறந்து பாருங்கள். மருத்துவக் குழுவின் நடவடிக்கைப் படி இருக்கின்றதா, அதில் காரணம் எழுதப்பட்டுள்ளதா, சேர்ந்தபோது செய்த மருத்துவ ஆய்வில் குறை ஏதும் குறிக்கப்பட்டதா என்று நோக்குங்கள். தாள் இல்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி படி கேட்கலாம். பாறசாலைப் பக்கத்தவர் திருவனந்தபுரத்துச் சைனிக நல அலுவலகத்தையும், களியக்காவிளைப் பக்கத்தவர் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகவேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகின்றது. எல்லைக்கு அப்பால் ஒருவர் கொச்சி அமர்வுக்கும், இப்பால் அவர் உறவினர் சென்னை அமர்வுக்கும் போகவேண்டியிருக்கும். இவற்றை எடுத்துச் சொல்லவும் ஒரு விண்ணப்பம் எழுதித் தரவும், வேல் பிடித்து முன் நடந்த அந்தப் பெயரற்ற பாண்டிய எழுத்தனின் வழியில் வந்த நம்மால் இயலும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் பெரியப்பாவுக்கு மீண்டும் ஒரு விண்ணப்பம் எழுதினேன். இம்முறை விதிகளையும் தீர்ப்புகளையும் எடுத்துக்காட்டி எழுதினேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. மறுமொழி இன்னும் வரவில்லை. எழுதி முடித்த மாலையில், வலக்காதருகே அமர்ந்து நெடுநல்வாடைக் கதையை அவருக்குச் சொன்னேன். மழையில் நடுச்சாமத்தில் ராஜா எழுந்து வந்து, அடிபட்டுக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார் என்றேன். நெடுநேரம் எண்ணியிருந்துவிட்டு, "எழுதிக் கேக்காமலா வந்தான்?" என்றார்.

ஆம், எழுதிக் கேட்காமலேதான் வந்தான் என்றேன். அவர் சிரித்தார், நம்பினாரா என்று தெரியவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது நம் இலக்கியம் என்று பெருமை கொள்ளும் நாம், அது சொன்னதை ஒரு முதியவர் நம்பும்படி செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.